பைக் மோதி பொருள் சேதமானால் காப்பீட்டுத் தொகை பெறுவது எப்படி?

மாலை நேரம். கடைத்தெருவில் வேகமாக வந்த பைக் ஒன்று நிலைதடுமாறி, ஓரமாக நின்ற பழத் தள்ளுவண்டியில் மோதுகிறது. சக்கரம் கழன்று, தராசு உடைந்து, பழங்கள் சாக்கடையில் கிடக்கின்றன. பைக் ஓட்டி வந்த பையனுக்குப் பெரிய காயமில்லை என்றதும் கூடியிருந்தவர்கள் நிம்மதி அடைகிறார்கள். இரு பக்கமும் தெரிந்த நாலு பேர் வந்து, "சின்னப் பையன், விட்டுருங்க பாய்" என்று சமாதானம் சொல்லி, ஐநூறோ ஆயிரமோ வியாபாரியின் கையில் கொடுத்து அனுப்பி விடுகிறார்கள். வண்டியைச் சரிசெய்யவும் தராசு வாங்கவும் அதைப்போல் பல மடங்கு ஆகும் என்பது மறுநாள்தான் அவருக்குத் தெரிய வருகிறது.

நம் ஊர்களில் இது பழகிப்போன காட்சி. விபத்துக் காப்பீடு என்றால் உயிரிழப்புக்கும் எலும்பு முறிவுக்கும் மட்டும்தான் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். உடைந்த கண்ணாடிக்கும், இடிந்த சுவருக்கும், நசுங்கிய சைக்கிளுக்கும்கூட மோதிய வண்டியின் இன்சூரன்ஸ் நிறுவனத்திடம் இழப்பீடு கேட்க முடியும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. அந்த உரிமையை எப்படிப் பயன்படுத்துவது என்பதை இங்கே பார்ப்போம்.

சட்டம் என்ன சொல்கிறது?

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 146வது பிரிவின்படி, பொது இடத்தில் ஓடும் எந்த வாகனத்துக்கும் மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் என்று நாம் சொல்வது இதைத்தான். இதில் 'மூன்றாம் நபர்' என்பவர், வண்டியால் பாதிக்கப்பட்ட வெளி ஆள். அவருடைய உடலுக்கு ஏற்பட்ட பாதிப்பு மட்டுமல்ல, உடைமைக்கு ஏற்பட்ட சேதமும் இந்தக் காப்பீட்டில் அடங்கும்.

இருசக்கர வாகனத்தைப் பொறுத்தவரை, உடைமைச் சேதத்துக்கான வரம்பு பொதுவாக 1 லட்சம் ரூபாய். பிரீமியத்தில் சிறு தொகையை மிச்சப்படுத்துவதற்காக இந்த வரம்பை 6,000 ரூபாயாகக் குறைத்துக்கொள்ளும் வசதியும் உண்டு. சிலர் அறியாமலேயே அப்படி எடுத்துவிடுகிறார்கள். உங்கள் பாலிசியில் எந்தத் தொகை போட்டிருக்கிறது என்பதை இன்றே எடுத்துப் பாருங்கள். சேதம் வரம்பைத் தாண்டினால், மீதியை வண்டி உரிமையாளரும் ஓட்டியவரும்தான் கொடுக்க வேண்டியிருக்கும்.

எவை சேராது?

பாலிசி எடுத்தவருக்குச் சொந்தமான பொருளும், அவருடைய பொறுப்பில் இருந்த பொருளும் இதில் சேராது. தந்தையின் பெயரில் உள்ள பைக்கை மகன் ஓட்டிவந்து தந்தையின் கடைக் கண்ணாடியையே உடைத்தால், மூன்றாம் நபர் காப்பீட்டில் பணம் வராது. அந்த பைக்கிலேயே ஏற்றி வந்த சரக்கு உடைந்தாலும் கிடைக்காது.

மோதிய வண்டி நிற்காமல் போய், அதன் எண்ணும் தெரியாமல் போனால், பொருள் சேதத்துக்கு வழி இல்லை. அடையாளம் தெரியாத வாகனம் மோதினால் அரசுத் திட்டத்தில் உயிரிழப்புக்கு 2 லட்சமும் கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாயும் உண்டு. ஆனால் உடைமைச் சேதத்துக்கு அதில் இடமில்லை. எனவே வண்டி எண்ணைக் குறித்துக்கொள்வதுதான் எல்லாவற்றுக்கும் முதல்.

சம்பவ இடத்தில் செய்ய வேண்டியவை

யாருக்காவது காயம் இருந்தால் முதலில் 108க்கு அழையுங்கள். அதன் பிறகு,

1. வண்டியை நகர்த்துவதற்கு முன்பே படம் எடுங்கள். வண்டி எண், சேதமான பொருள், மோதிய இடம், சாலையின் நிலை ஆகிய நான்கும் படத்தில் தெரிய வேண்டும்.

2. ஓட்டியவரின் பெயர், முகவரி, ஓட்டுநர் உரிமம், ஆர்.சி., இன்சூரன்ஸ் ஆகியவற்றைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். காட்ட மறுத்தால் சண்டை வேண்டாம். வண்டி எண்ணை வைத்து எம்-பரிவாகன் செயலியில் இன்சூரன்ஸ் நடப்பில் உள்ளதா என்று பார்க்கலாம். இழப்பீடு கோருபவர் கேட்டால், வண்டி உரிமையாளர் மற்றும் இன்சூரன்ஸ் விவரங்களைக் காவல் நிலையமும் ஆர்.டி.ஓ. அலுவலகமும் தர வேண்டும் என்று 160வது பிரிவு கூறுகிறது.

3. நேரில் பார்த்த இரண்டு பேரின் பெயரையும் கைபேசி எண்ணையும் வாங்கி வையுங்கள். அருகில் உள்ள கடைகளில் சிசிடிவி இருந்தால் அன்றைக்கே பதிவைக் கேட்டு வாங்குங்கள். சில நாட்களில் பழைய பதிவு அழிந்துவிடும்.

4. உடைந்த பொருளை உடனே குப்பையில் போடாதீர்கள். தற்காலிகமாக ஒதுக்கி வையுங்கள்.

காவல் நிலையத்தில்

பிறருடைய உடைமைக்குச் சேதம் ஏற்படுத்திய ஓட்டுநர், அதிகபட்சம் 24 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்தில் தெரிவிக்க வேண்டும் என்பது 134வது பிரிவு. காயமே இல்லாவிட்டாலும் இந்தக் கடமை உண்டு. அவர் சொல்லாவிட்டாலும் பாதிக்கப்பட்டவர் எழுத்து மூலம் புகார் கொடுக்கலாம்.

"ஆளுக்கு அடிபடவில்லையே, எதற்குக் கேஸ்?" என்று சில இடங்களில் திருப்பி அனுப்பப் பார்ப்பார்கள். புகாருக்கு சி.எஸ்.ஆர். ரசீதாவது வாங்காமல் திரும்பாதீர்கள். பிறர் உயிருக்கு ஆபத்து விளைவிக்கும்படி பொதுச் சாலையில் கண்மூடித்தனமாக ஓட்டுவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 281வது பிரிவின்படி குற்றம். அந்த அடிப்படையில் எஃப்.ஐ.ஆர். பதிவு செய்யக் கேளுங்கள். புகார் கொடுத்தவருக்கு எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம். மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் புகாரை அனுப்பலாம்.

தீர்ப்பாயத்தில் மனு

இங்கேதான் பலர் குழம்புகிறார்கள். மோதிய வண்டியின் இன்சூரன்ஸ் அலுவலகத்துக்கு பில்லை எடுத்துப் போனால் உடனே பணம் தந்துவிட மாட்டார்கள். மூன்றாம் நபர் இழப்பீட்டுக்கு மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில், 166வது பிரிவின் கீழ் மனு செய்ய வேண்டும். சேதமான பொருளின் உரிமையாளரே மனுதாரர். வண்டியின் உரிமையாளர், ஓட்டியவர், இன்சூரன்ஸ் நிறுவனம் ஆகிய மூவரையும் எதிர்மனுதாரராகச் சேர்ப்பார்கள்.

விபத்து நடந்த இடத்தில் மட்டுமல்ல, நீங்கள் குடியிருக்கும் அல்லது தொழில் செய்யும் இடத்துத் தீர்ப்பாயத்திலும் மனு செய்யலாம். வெளியூரில் உங்கள் வண்டியை ஒருவர் இடித்துவிட்டால், அந்த ஊருக்கே அலைய வேண்டியதில்லை. ஆனால் ஒரு கெடு உண்டு. 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள திருத்தத்தின்படி, விபத்து நடந்த 6 மாதத்துக்குள் மனு செய்ய வேண்டும்.

தேவையான ஆவணங்கள்: எஃப்.ஐ.ஆர். நகல், படங்கள், பொருள் உங்களுடையது என்பதற்கான சான்று, பழுதுபார்த்த பில் அல்லது மதிப்பீடு. சுவர், கதவு போன்றவற்றுக்கு ஒரு பொறியாளரிடம் மதிப்பீடு வாங்குவது நல்லது. உயிரிழப்புக்கும் கொடுங்காயத்துக்கும் தவறு யாருடையது என்று பார்க்காமல் குறிப்பிட்ட தொகை பெறும் வழி சட்டத்தில் உண்டு. பொருள் சேதத்துக்கு அப்படி இல்லை. ஓட்டியவரின் அஜாக்கிரதையை நாம்தான் நிரூபிக்க வேண்டும். சம்பவ இடத்தில் எடுத்த படங்களும் சாட்சிகளும் இங்கேதான் கைகொடுக்கும்.

வழக்குச் செலவுக்கு அஞ்சுபவர்கள் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். பெண்கள், மாற்றுத்திறனாளிகள், குறைந்த வருமானம் உள்ளவர்கள் ஆகியோருக்கு இலவசமாக வழக்கறிஞர் கிடைப்பார். லோக் அதாலத் எனப்படும் மக்கள் நீதிமன்றத்தில் இன்சூரன்ஸ் நிறுவனங்களும் சமரசத்துக்கு வருவதுண்டு. அங்கு முடிந்தால் மேல்முறையீடு இன்றி விஷயம் முடிந்துவிடும்.

நம் பைக்கே சேதமானால்

சேதமானது உங்கள் பைக் என்றால் இரண்டு வழிகள் உண்டு. மோதியவரின் காப்பீட்டில் மேலே சொன்னபடி கேட்கலாம். அல்லது, உங்களிடம் முழுக் காப்பீடு, அதாவது 'ஓன் டேமேஜ்' பிரிவும் சேர்ந்த பாலிசி இருந்தால், உங்கள் நிறுவனத்திடமே விரைவாகப் பெறலாம். ஒரே சேதத்துக்கு இரண்டு இடத்திலும் பணம் வாங்க முடியாது. வெறும் தேர்ட் பார்ட்டி பாலிசி மட்டும் வைத்திருப்பவருக்கு, அவருடைய சொந்த வண்டிச் சேதத்துக்கு அதில் ஒரு ரூபாயும் வராது.

சொந்த பாலிசியில் கேட்பவர்கள் உடனே நிறுவனத்துக்குத் தகவல் சொல்ல வேண்டும். நிறுவனத்தின் ஆள் பார்வையிடும் முன் வண்டியைக் கழற்ற விடாதீர்கள். பில் தொகை முழுவதும் கிடைக்காது என்பதையும் முன்கூட்டியே அறிந்துகொள்ளுங்கள். வழக்கமான பாலிசியில் பிளாஸ்டிக், ரப்பர், பேட்டரி ஆகியவற்றுக்குப் பாதி விலை கழியும். உலோக பாகங்களுக்கு வண்டியின் வயதைப் பொறுத்துக் கழியும்.

ஓர் உதாரணம். மூன்றரை வயதான பைக்குக்கு 12,000 ரூபாய் பில். அதில் பிளாஸ்டிக் பாகம் 4,000, உலோக பாகம் 6,000, கூலி 2,000. பிளாஸ்டிக்கில் பாதி போக 2,000. உலோகத்தில் 25 சதவீதம் போக 4,500. கூலி முழுதாக 2,000. கட்டாயப் பிடித்தம் 100 ரூபாய் போனால் கைக்கு வருவது 8,400 ரூபாய். 'ஜீரோ டெப்' சேர்த்து எடுத்தவர்களுக்கு இந்தத் தேய்மானக் கழிவு இருக்காது.

இன்னொன்று, சொந்தச் சேதத்துக்கு கிளைம் செய்தால் அதுவரை சேர்ந்த நோ கிளைம் போனஸ் போய்விடும். கண்ணாடியும் இண்டிகேட்டரும் உடைந்ததற்கெல்லாம் கிளைம் செய்யும் முன் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

உங்கள் நிறுவனம் நியாயமின்றி மறுத்தால், முதலில் அதன் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் தீர்வு இல்லையென்றால் சென்னையில் உள்ள இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் கட்டணமின்றி முறையிடலாம். 155255 என்ற எண்ணிலும் புகார் பதிவு செய்யலாம். இவை பாலிசிதாரருக்கான வழிகள். மூன்றாம் நபருக்குத் தீர்ப்பாயம்தான்.

பேசி முடிப்பது தவறா?

தவறில்லை. இரண்டாயிரம் ரூபாய்ச் சேதத்துக்கு நீதிமன்றம் ஏற வேண்டிய அவசியம் இல்லை. ஜமாஅத்தில் வைத்தோ, ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையிலோ பேசித் தீர்ப்பது நல்ல வழக்கம்தான். ஆனால் சேதம் எவ்வளவு என்று தெரிந்த பிறகு பேச வேண்டும். மெக்கானிக்கோ கொத்தனாரோ பார்த்து மதிப்பைச் சொல்லட்டும். அதுவரை, "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்ற தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். சமாதானம் பேசுபவர்கள், பாதிக்கப்பட்டவரின் கையில் எவ்வளவு நட்டம் நிற்கிறது என்பதையும் கேட்க வேண்டும்.

ஓட்டியவர் தரப்புக்கும் ஓர் எச்சரிக்கை. இன்சூரன்ஸ் நிறுவனத்தின் சம்மதம் இல்லாமல் நீங்களாக ஒப்புக்கொண்டு கொடுத்த பணத்தைப் பின்னர் நிறுவனத்திடம் திரும்பக் கேட்க முடியாது.

வண்டி வைத்திருப்பவர்கள் கவனத்திற்கு

நம் வீடுகளில் அண்ணன் வளைகுடாவில் இருப்பார். அவர் பெயரில் உள்ள பைக்கை இங்கே தம்பி ஓட்டுவான். அந்த பைக் ஒருவரின் கடையை இடித்தால், வழக்கில் முதல் பெயர் அண்ணனுடையது. இன்சூரன்ஸ் காலாவதியாகி இருந்தால், உழைத்துச் சேர்த்த பணம் அதற்கே போகும். காப்பீடு இல்லாமல் ஓட்டியதற்கு முதல் முறை 2,000, மறுமுறை 4,000 ரூபாய் அபராதம் தனி. சிறைத் தண்டனைக்கும் இடமுண்டு.

18 வயது ஆகாத பிள்ளையிடம் சாவியைக் கொடுத்திருந்தால் நிலைமை இன்னும் மோசம். 199ஏ பிரிவின்படி பெற்றோர் அல்லது வண்டி உரிமையாளருக்கு 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்கலாம். வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்தாகும்.

பழைய பைக்கை விற்றுவிட்டு ஆர்.சி.யில் பெயர் மாற்றாமல் விடுவதும் நம்மிடம் சகஜம். ஆர்.சி.யில் பெயர் உள்ளவரே உரிமையாளர், இழப்பீட்டுக்கு அவரே பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. வாங்கியவரும் 14 நாட்களுக்குள் பாலிசியைத் தம் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். இல்லையென்றால் சொந்தச் சேதத்துக்கு அவருக்குப் பணம் கிடைக்காது.

நம்மில் பலரும் போலீஸ் பிடித்தால் காட்டுவதற்கு ஒரு தாள் என்றே இன்சூரன்ஸைப் பார்க்கிறோம். நம் வண்டியால் ஒரு தள்ளுவண்டிக்காரரின் அன்றாடப் பிழைப்பு உடைந்து போனால், அதைச் சரிசெய்து கொடுக்கும் பொறுப்புக்கான ஏற்பாடு அது. இன்று வீட்டில் உள்ள பாலிசியை எடுத்து, முடிவுத் தேதியையும் உடைமைச் சேத வரம்பையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.