வலி ஒன்று, நோய் பல

அடிவயிற்றின் வலப்பக்கத்தில் திடீரெனத் தோன்றும் கடும்வலியின் காரணம் நெடுங்காலம் மருத்துவர்க்கு விளங்காதிருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் அவர்கள் அதனைப் பெருங்குடலின் தொடக்கமாகிய குருட்டுக்குடலின் அழற்சி என்றே கருதினர். அபினி கொடுத்து வலியைத் தணித்துக் காத்திருந்தனர். அவ்வாறு காத்திருந்த வேளையில் மாண்டோர் பலர்.

1886 ஜூன் 18ஆம் நாள், வாஷிங்டனில் கூடிய மருத்துவர் அவையில் ஹார்வார்டுப் பேராசிரியர் ரெஜினால்ட் ஃபிட்ஸ் ஒரு கட்டுரை படித்தார். குடல்வால் துளைபட்ட 257 நோயாளர் பற்றிய குறிப்புகளை ஆராய்ந்த அவர், தீங்கின் பிறப்பிடம் குருட்டுக்குடல் அன்று, அதனின்று தொங்கும் சிறு வாலே என நிறுவினார். 'அப்பெண்டிசைட்டிஸ்' என்ற பெயரைச் சூட்டியவரும் அவரே. 1902இல் ஏழாம் எட்வர்டு மன்னரின் முடிசூட்டு விழாவுக்கு இரு நாள் முன்பு அவருக்கு இந்நோயின் பொருட்டு அறுவை நிகழ்ந்தது. விழா ஆகஸ்டுக்குத் தள்ளிப்போயிற்று. நோயின் பெயர் உலகெங்கும் பரவியது.

பரவிய பெயரே பின்னர் ஒரு திரையும் ஆயிற்று. வலப்பக்கம் வலித்தால் குடல்வாலே காரணம் என்னும் எண்ணம் வேரூன்றியது. அமெரிக்கப் படையில் அதிகாரியாய் இருந்த ஐசன்ஹோவர், அடிக்கடி வந்த வயிற்றுவலிக்காக 1923இல் குடல்வாலை நீக்கிக்கொண்டார். வால் போயிற்று, வலி போகவில்லை. உலகப்போரை நடத்தி, குடியரசுத் தலைவராகவும் ஆன அம்மனிதரை அது விடாமல் தொடர்ந்தது.

இதற்கிடையே, 1932இல் நியூயார்க் மவுண்ட் சைனாய் மருத்துவமனையைச் சேர்ந்த குரோன், கின்ஸ்பர்க், ஓப்பன்ஹைமர் ஆகிய மூவர் பதினான்கு நோயாளரைப் பற்றி எழுதினர். சிறுகுடலின் கடைப்பகுதி தடித்து, புண்பட்டு, வழி குறுகிப்போகும் நோய் அது. அக்கடைப்பகுதி குருட்டுக்குடலோடு சேருமிடம் குடல்வாலுக்கு மிக அருகில் இருப்பதால் வலியும் காய்ச்சலும் ஒன்றுபோலவே தோன்றும். 1956இல் ஐசன்ஹோவருக்குக் கண்டறியப்பட்டதும் இந்நோயே. அவ்வாண்டு ஜூன் 9ஆம் நாள், அடைபட்ட பகுதியை விலக்கிக் குடலுக்கு மாற்றுவழி அமைத்தனர். முப்பத்து மூன்று ஆண்டுகளுக்கு முன் அகற்றப்பட்ட குடல்வால் உண்மையில் நோயுற்றிருந்ததா என்னும் ஐயம் இன்று எழுவது இயல்பே.

மற்றொரு நோய் குடல்வால் அழற்சிக்குப் பெயர் கிட்டுவதற்கு முன்பே விளக்கம் பெற்றுவிட்டது. கருவில் குடலையும் கருவுணவுப் பையையும் இணைக்கும் குழாய், பிறப்பதற்கு முன் மறைந்துவிடுவது இயற்கை. முழுதும் மறையாவிடில் சிறுகுடலில் ஒரு சிறு பையாக எஞ்சும். ஏறத்தாழ நூற்றுக்கு இருவரிடம் காணப்படும் இதன் தோற்றத்தை 1809இல் விளக்கியவர் ஜெர்மானியர் யோகான் ஃபிரீட்ரிக் மெக்கெல். பாட்டனாரும் தந்தையாரும் உடற்கூற்றறிஞராய் விளங்கிய குடும்பம் அது! பெரும்பாலோர்க்கு அப்பையால் தொல்லையில்லை. அழன்றால் மட்டும் குடல்வால் நோயாகவே காட்சி தரும். ஆதலின், வயிற்றைத் திறந்து குடல்வால் நலமாயிருக்கக் கண்ட அறுவை மருத்துவர், சிறுகுடலைச் சாண் சாணாக இழுத்து அப்பையைத் தேடுவார்.

பெருங்குடலின் புறத்தே தொங்கும் சிறு கொழுப்பு முடிச்சுகளும் சில வேளை முறுக்கிக்கொண்டு இரத்தவோட்டம் இழக்கும். வலப்புறத்தில் நேர்ந்தால் மருத்துவரை ஏமாற்றிவிடும். இதற்குத் தனிப்பெயர் கிடைத்ததும் 1956இல்தான். முன்னாளில் வயிற்றைத் திறந்த பின்னரே இது புலப்பட்டது. கணினிவழி ஊடுகதிர்ப் படம் வந்த பின், 1980களிலிருந்து அம்முடிச்சு படத்திலேயே தெரியலாயிற்று. அவ்வாறு தெரிந்துவிட்டால் அந்நோயாளிக்குப் பெரும்பாலும் கத்தி தேவையில்லை. வலி தணிக்கும் மருந்தோடு சில நாள்களில் தானே குணமாகும்.