கரடி உரோமம் சொன்ன கணக்கு

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், சியரா நெவாடா மலைத்தொடரில் யோசெமிட்டி என்னும் தேசியப் பூங்கா உள்ளது. 1890-ல் அமைக்கப்பட்ட அப்பூங்காவில் முந்நூறு முதல் ஐந்நூறு கருங்கரடிகள் வாழ்கின்றன. பெயர்தான் கருங்கரடி; அங்குள்ளவற்றில் பெரும்பாலானவை பழுப்பு நிறத்தவை. மலையேறச் செல்வோருக்குக் கரடி என்றதும் அச்சம் எழுவது இயல்பே. ஆனால் அப்பூங்காவில் கருங்கரடி தாக்கி மனிதர் எவரும் இறந்ததில்லை. மனிதரால் இறந்த கரடிகளோ ஏராளம். இந்த நிலை எவ்வாறு உண்டாயிற்று?

தொடக்கத்தில் கரடி ஒரு வேடிக்கைப் பொருளாகவே இருந்தது. விடுதிகளின் எச்சில் உணவைக் கொட்டிய குப்பைமேடுகளுக்குக் கரடிகள் வந்தன. அவற்றைக் காண மக்கள் வந்தனர். 1923-லிருந்து பூங்கா நிர்வாகமே உணவிட்டு இதை ஒரு காட்சியாக நடத்தியது. இரவில் மேடையின் மீது மின்விளக்கு ஒளி வீசும், கரடிகள் உண்ணும், மக்கள் எதிரே அமர்ந்து பார்ப்பர். கூடாரங்களிலிருந்து கரடிகளை விலக்கி வைக்கவும் இது உதவும் என்று நம்பினார்கள். மனிதரின் உணவுக்குப் பழகி அஞ்சாமல் நெருங்கிய கரடிகளை மறுபுறம் சுட்டுக் கொன்றார்கள். ஒரு கையால் ஊட்டி மறு கையால் சுட்ட கதை இது. காட்சிகள் 1940-ல் நின்றன. கரடிகளுக்கு உணவு கிடைத்த கடைசி இடம் மூடப்பட்டது 1971-ல்தான்.

இனித் தொல்லை ஒழிந்தது என்றுதான் எவரும் எண்ணுவர். உண்மையில் ஒழிந்ததா? கரடியைக் கேட்டால் தெரியும். கேட்கவும் வழி உண்டு. அந்த வழி பௌதிகத்தைச் சேர்ந்தது என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

கார்பன் அணுக்களில் நூற்றுக்கு ஏறத்தாழ ஒன்று, நிறை எண் 12-க்குப் பதில் 13 உடையது. கரும்பு, மக்காச்சோளம் ஆகிய பயிர்களில், காட்டுப் புல்லையும் பழங்களையும் விட இந்தக் கார்பன்-13 சற்று அதிக விகிதத்தில் சேர்கிறது. அமெரிக்கரின் உணவில் மக்காச்சோளம் பல உருவங்களில் புகுந்துவிடும். மாடும் கோழியும் அதைத் தின்று வளர்கின்றன; இனிப்புப் பானத்தில் கலக்கும் பாகும் அதிலிருந்து எடுக்கப்படுகிறது. நைட்ரஜன்-15-இன் கதை வேறு. தாவரத்தைத் தின்னும் விலங்கு, அவ்விலங்கைத் தின்னும் விலங்கு என்று உணவுச் சங்கிலியில் ஏற ஏற அதன் விகிதம் கூடும். எனவே ஒரு கரடி ஓக் கொட்டையைத் தின்றதா, இறைச்சி வைத்த ரொட்டியைத் தின்றதா என்பது அதன் உடலில் பதிந்துவிடுகிறது. உரோமம் வளர்ந்த பின் மாறுவதில்லை. ஆகவே அது வளர்ந்த பருவத்தின் உணவுக் கணக்கு அதில் அப்படியே நிற்கும்.

விகித வேறுபாடு ஆயிரத்துக்குச் சில பங்குதான். அதை அளப்பது நிறை நிறமாலைமானி. அயனிகளை ஒரே மின்னழுத்தத்தால் முடுக்கிக் காந்தப் புலத்தில் செலுத்தினால், கனமானது சற்றுக் குறைவாக வளையும். வகுப்பில் இதைச் சொல்லும்போது, கரடியின் சாப்பாட்டுக்கும் இதற்கும் தொடர்புண்டு என்றால் மாணவர்கள் சிரிக்கிறார்கள்!

அருங்காட்சியகங்களில் இருந்த பழைய கரடிகளின் உரோமத்தையும் எலும்பையும், அண்மைக் காலக் கரடிகளின் உரோமத்தையும் இவ்வாறு ஆராய்ந்து, ஜாக் ஹாப்கின்ஸ் என்பவரும் அவருடைய குழுவினரும் 2014-ல் முடிவை வெளியிட்டனர். மனித உணவுக்குப் பழகிய கரடிகளின் தீனியில் அவ்வுணவின் சராசரிப் பங்கு 1915-1919-ல் 13 விழுக்காடு; 1928-1939-ல் 27 விழுக்காடு. குப்பைமேடுகளை மூடிய பின்பு, 1975-1985-ல், பங்கு குறையவில்லை. 35 விழுக்காடாக உயர்ந்தது!

காரணம் எளிது. மேட்டை மூடினார்கள், உணவை மூடவில்லை. கரடிகள் கூடாரங்களையும் கார்களையும் நாடின. மலையேறுவோர் உணவு மூட்டையைக் கயிற்றில் கட்டி மரக்கிளையில் தொங்கவிட்டனர். கரடிகள் கயிற்றைக் கடித்து அறுத்தன. மெல்லிய கிளையில் குட்டியை ஏற்றின. கார்க் கதவின் மேல் விளிம்பில் நகத்தை மாட்டி, கதவையே வளைத்தன. 2001 முதல் 2007 வரை அங்கே உடைக்கப்பட்ட 908 வண்டிகளில் சுமார் கால் பங்கு, குடும்பத்தோடு செல்லும் மினிவேன் வகை. குழந்தைகள் சிந்திய தின்பண்டத்தின் மணம் காரணமாக இருக்கலாம் என்பது ஆய்வாளர் ஊகம்.

1998-ல் இத்தகைய நிகழ்ச்சிகள் ஏறத்தாழ 1600; சேதம் ஆறரை லட்சம் டாலர். மறு ஆண்டு அமெரிக்க நாடாளுமன்றம் இதற்கெனத் தனி நிதி ஒதுக்கியது. முகாம்களில் இரும்புப் பெட்டிகள் பெருகின. இரவுக் காவல் வந்தது. மலைப்பாதையில் இரவு தங்குவோர் கரடிக்கு அசையாத உணவுக் குப்பியைச் சுமப்பது கட்டாயமாயிற்று. உருளை வடிவம், வழுவழுப்பான பரப்பு, வாயில் கவ்வ முடியாத அகலம், நகம் மாட்ட விளிம்பு இல்லாத மூடி. இவ்வளவுதான் அதன் நுட்பம். பற்பசையும் சோப்பும்கூட அதற்குள்தான் போகவேண்டும், ஏனெனில் மணமுள்ள எதுவும் கரடிக்கு உணவே. எதிரில் கரடி வந்தால் ஓடலாகாது. மணிக்கு ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் ஓடவல்லது அது. 50 கெஜம் தள்ளி நிற்பதும், முகாமுக்குள் வந்தால் கூட்டாகக் கூச்சலிட்டு விரட்டுவதுமே அங்கே கற்பிக்கப்படுபவை.

நிகழ்ச்சிகள் 90 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்துவிட்டன. உரோமமும் அதையே சொல்கிறது: 2001-2007-ல் மனித உணவின் பங்கு மீண்டும் 13 விழுக்காடு. 1915-ல் அங்கு வந்தவர்கள் ஐம்பதாயிரம் பேர்கூட இல்லை. 2007-ல் வந்தவர்கள் சுமார் 35 லட்சம் பேர்.