செஸ்டர்ஃபீல்டு பிரபுவும் ஆங்கிலச் சொல்லதிகாரமும்

ஆங்கில அகராதியியல் வரலாற்றில் நான்காம் செஸ்டர்ஃபீல்டு பிரபுவின் பெயர் பெரும்பாலும் ஒரு கடிதத்தின் வாயிலாகவே நினைவுகூரப்படுகிறது. 1755 பிப்ரவரி 7ஆம் நாள் சாமுவேல் ஜான்சன் அவருக்கு விடுத்த அக்கடிதம், காலந்தாழ்ந்து வந்த ஆதரவை மறுத்த ஓர் எழுத்தாளரின் தன்மானத்திற்குச் சான்றாகப் போற்றப்பட்டு வருகிறது. அதன் விளைவாகப் பிரபு, கடமை தவறிய புரவலர் என்னும் ஒற்றைச் சித்திரத்துள் அடங்கிவிட்டார். மொழியின் தரத்தை வரையறுக்கும் உரிமை யாருக்குரியது என்னும் வினாவோடு அவர்தம் வாழ்வை அணுகினால் அச்சித்திரம் போதாது என்பது விளங்கும். அவ்வினாவை ஒட்டி அவருடைய அரசியலையும் மொழிக் கருத்துகளையும் ஒருசேர நோக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. அரசியல் வாழ்வு

பிலிப் டார்மர் ஸ்டான்ஹோப் 1694 செப்டம்பர் 22ஆம் நாள் இலண்டனில் பிறந்தார். கேம்பிரிட்ஜின் டிரினிட்டி ஹால் கல்லூரியில் பயின்றபின், 1715இல் உரிய வயது நிரம்பும் முன்னரே பொதுமக்கள் சபையின் உறுப்பினரானார். 1726இல் தந்தை மறைந்தபின் பிரபுப் பட்டம் எய்தி மேலவைக்குச் சென்றார். 1728 முதல் 1732 வரை ஹேக் நகரில் பிரிட்டனின் தூதராகப் பணிபுரிந்தார். 1733இல் தலைமை அமைச்சர் வால்போல் கொணர்ந்த ஆயத்தீர்வை மசோதாவை எதிர்த்தமையால் அரண்மனைப் பதவியை இழந்தார். 1737இல் நாடகங்களை முன்தணிக்கைக்கு உட்படுத்தும் சட்டத்தை எதிர்த்து அவர் ஆற்றிய உரை, கருத்துரிமைக்காக அக்காலத்தில் எழுந்த குரல்களுள் குறிப்பிடத்தக்கது. 1745-46இல் அயர்லாந்தின் அரசப் பிரதிநிதியாகவும், 1746 முதல் 1748 வரை வடபுலத்துறை அரசுச் செயலாளராகவும் விளங்கினார்.

2. நாட்காட்டிச் சீர்திருத்தம்

பதவி துறந்தபின் அவர் நிறைவேற்றிய பெரும்பணி நாட்காட்டிச் சீர்திருத்தமாகும். 1582இல் ஐரோப்பாவின் கத்தோலிக்க நாடுகள் ஏற்கத் தொடங்கிய கிரிகோரிய முறையை இங்கிலாந்து ஏற்கவில்லை. அங்குச் சட்டப்படியான ஆண்டு மார்ச் 25ஆம் நாளே தொடங்கிற்று. 1751இல் செஸ்டர்ஃபீல்டு கொணர்ந்த மசோதா இவ்விரு வேறுபாடுகளையும் நீக்கிற்று. 1752 செப்டம்பர் 2ஆம் நாளுக்கு மறுநாள் செப்டம்பர் 14 எனக் கொள்ளப்பட்டது. பதினொரு நாட்கள் கணக்கினின்று நீங்கின.

இம்மசோதாவின் கணக்கீடுகளுக்குப் பின்புலமாக இருந்தவர்கள் மேக்கிள்ஸ்ஃபீல்டு பிரபுவும் வானியலறிஞர் ஜேம்ஸ் பிராட்லியும் ஆவர். தமக்கு வானியல் தெரியாது என்பதைச் செஸ்டர்ஃபீல்டே தம் மகனுக்கு எழுதிய கடிதத்தில் ஒப்புக்கொள்கிறார். பொருளறிந்து பேசிய மேக்கிள்ஸ்ஃபீல்டைவிட, சொல்லின் இனிமையிலும் தொடரின் ஓசையிலும் கருத்தூன்றிய தமக்கே அவையின் பாராட்டுக் கிட்டியது என்றும் அவர் குறிப்பிடுகிறார். மொழித்திறனைத் தனித்ததோர் ஆற்றலாக அவர் மதித்தமைக்கு இது தக்க சான்றாகும்.

மொழிபெயர்ப்பாளர்க்கு இச்சட்டம் நடைமுறைப் பயனும் உடையது. அயல்நாட்டில் இருந்த மகனுக்கு 1752க்கு முன் அவர் எழுதிய கடிதங்களில் பழைய முறை, புதிய முறை என்னும் இருவகை நாட்குறிப்புகளும் காணப்படுகின்றன. ஜனவரி முதல் மார்ச் 24 வரையிலான ஆங்கில நாட்களைப் பெயர்ப்போர் ஆண்டினையும் சரிபார்த்தல் வேண்டும்.

3. அகராதியும் புரவலரும்

1746இல் இலண்டன் நூல் வணிகர் சிலர் ஒருங்குகூடி, ஆங்கில அகராதி ஒன்றை உருவாக்க ஜான்சனுடன் 1,500 கினிக்கு ஒப்பந்தம் செய்துகொண்டனர். அவர்களுள் ஒருவரான ராபர்ட் டாட்ஸ்லியின் கருத்துப்படி, 1747இல் வெளியான அகராதித் திட்டம் செஸ்டர்ஃபீல்டுக்கு முகவரியிடப்பட்டது. பிரபு 10 பவுன் அளித்ததாக அறியப்படுகிறது. அதன்பின் ஏழாண்டுகள் அவர் முயற்சியைக் கண்டுகொள்ளவில்லை. தொடக்கத்தில் அவர் அரசுச் செயலாளர் பொறுப்பில் இருந்தார். பின்னாளில் காது கேளாமை அவரைப் பொதுவாழ்வினின்று ஒதுக்கிற்று.

அகராதி முற்றுப்பெறும் தறுவாயில், 1754 நவம்பர் 28, டிசம்பர் 5 ஆகிய நாட்களில், ‘தி வேர்ல்டு’ இதழில் அவர் இரு கட்டுரைகள் எழுதினார். ஆங்கிலத்திற்கு நிலைத்த அளவுகோல் இல்லாமை நாட்டிற்கு இழுக்கு என்பது அவர் வாதம். குழப்பக் காலத்தில் உரோமர் ஒருவரிடம் முழு அதிகாரத்தை ஒப்படைத்தது போல, மொழியில் ஜான்சனைத் தனியதிகாரியாக ஏற்றுத் தம் உரிமைகளை அவரிடம் ஒப்புவிப்பதாக எழுதினார். நகைச்சுவை கலந்த கூற்றாயினும் இது கருதத்தக்கது. மேடையில் அரசின் அதிகாரத்தை எதிர்த்தவர் மொழியில் அதிகாரத்தை வேண்டினார்.

ஜான்சனின் மறுமொழியே மேற்கூறிய கடிதம். உதவி தேவைப்பட்டபோது வாராமல், தேவை நீங்கியபின் வந்து சுமையாவதை அது சுட்டிற்று. பிரபு சினங்கொள்ளவில்லை. அக்கடிதத்தை மேசைமீது வைத்து, அதன் சொல்நயத்தை டாட்ஸ்லியிடம் எடுத்துக்காட்டிப் பாராட்டினார் என்பர். பாஸ்வெல் அதனை 1790இல் அச்சிட்டார். 1755 ஏப்ரல் 15ஆம் நாள் இரு தொகுதிகளாக வெளிவந்த அகராதியில், ‘பேட்ரன்’ என்னும் சொல்லுக்கு ஆதரிப்பவர், காப்பவர் எனப் பொருள் தந்தபின், செருக்கும் முகத்துதியும் மலிந்த உறவாக அதனை இகழும் குறிப்பொன்றையும் ஜான்சன் சேர்த்தார். ‘புரவலர்’ என்னும் தமிழ்ச்சொல், காத்தலைக் குறிக்கும் ‘புரத்தல்’ என்னும் வேரினின்று பிறந்து, ‘இரவலர்’ என்பதோடு இணைந்து வழங்கும் பெருமிதச் சொல்லாகும். ஜான்சனின் இகழ்ச்சியை அச்சொல் தாங்காது. ஈண்டு மொழிபெயர்ப்பாளர் அடைமொழியாலோ விளக்கத்தாலோ அவ்விடைவெளியை நிரப்ப வேண்டியவராகிறார்.

4. மூன்று சொற்களின் வரலாறு

அதிகாரம் பற்றிய இவ்விவாதத்திற்கு மூன்று சொற்கள் உரைகல்லாக அமைகின்றன.

முதலாவது ‘கிரேட்’ என்பதன் ஒலிப்பு. அது ‘ஸ்டேட்’ என்பதோடு இயைய வேண்டும் என்று செஸ்டர்ஃபீல்டு ஜான்சனிடம் கூறினார். ‘சீட்’ என்பதோடு இயைதலே முறை. மற்றையது அயர்லாந்தார் ஒலிப்பு என்றார் சர் வில்லியம் யங். ஒருவர் மேலவையின் சிறந்த பேச்சாளர். மற்றவர் கீழவையின் சிறந்த பேச்சாளர். இவ்விருவரும் முற்றிலும் மாறுபட்ட நிலையில் ஒலிப்பை அகராதியில் வரையறுத்தல் அரிதென ஜான்சன் உணர்ந்தார். அக்காலத்தில் இவ்வெழுத்துக்கூட்டுடைய சொற்களுட் பல ஈகார ஒலிப்பை நோக்கி நகர்ந்தன. ‘கிரேட்’, ‘பிரேக்’, ‘ஸ்டேக்’ போன்ற சில மட்டும் ஏகாரத்தோடு நின்றன. பிரபுவின் ஒலிப்பே இன்று நிலைத்துள்ளது. எனினும் அவர் விதித்ததனால் அது நிலைபெற்றதென்று கொள்ள இடமில்லை.

இரண்டாவது ‘ஃப்ளர்ட்டேஷன்’. இச்சொல் தம் முன்னிலையில் அழகிய மாதொருவரின் வாயில் பிறந்ததென்று கூறி, காதல் நாட்டத்தின் தொடக்க நிலையைக் குறிப்பதாகச் செஸ்டர்ஃபீல்டு அதனை வரவேற்றார். ஜான்சனோ, துடிப்பான விரைந்த அசைவு எனப் பொருளுரைத்து, மகளிர் குழூஉக்குறி என்று ஒதுக்கினார். இன்று பெருவழக்காக இருப்பது பிரபு சுட்டிய பொருளாகும்.

மூன்றாவது ‘வாஸ்ட்லி’. பேரளவைக் குறிக்கும் இவ்வடை நாகரிக மகளிர் பேச்சில் வெறும் மிகுதிப்பொருளில் வழங்கியதைக் கண்ட செஸ்டர்ஃபீல்டு, சின்னஞ்சிறு மூக்குப்பொடி டப்பாவுக்கும் அதனை ஒருவர் ஆண்டமையை எள்ளலாகப் பதிவு செய்தார். பொருள் வெளிறி அடைச்சொல் மிகைச்சொல்லாகும் இந்நிகழ்வு இன்றைய மொழியியலார்க்கு நன்கு அறிமுகமானது. எள்ளலுக்காக எழுதிய பிரபு தம்மையறியாமலே நல்லதொரு மொழித்தரவை விட்டுச் சென்றார்.

5. கடிதங்கள்

1732இல் பிறந்த மணவழி வாராத மகன் பிலிப்புக்கு அவர் ஏறத்தாழ முப்பதாண்டுகள் ஆங்கிலம், பிரெஞ்சு, இலத்தீன் மொழிகளில் கடிதங்கள் எழுதினார். ‘ஹோல்சம்’ என்னும் சொல்லில் முதலெழுத்தை விட்டெழுதிய ஓர் உயர்குடியினர் அந்த ஏளனத்தினின்று மீளவே இல்லை என்று எச்சரிக்கும் அளவிற்கு எழுத்துப்பிழை அவருக்குச் சமூகக் குற்றமாகத் தோன்றிற்று. மகன் 1768இல் மறைந்தார்; பிரபு 1773 மார்ச் 24ஆம் நாள் காலமானார். மறு ஆண்டில் மகனின் மனைவி யூஜீனியா அக்கடிதங்களை ஜேம்ஸ் டாட்ஸ்லி வாயிலாக வெளியிட்டார். அவர் பெற்ற தொகையும் 1,500 கினியே. ஜான்சனின் அகராதிக்குப் பேசப்பட்ட விலையும் பிரபுவின் அந்தரங்கக் கடிதங்களுக்குக் கிடைத்த விலையும் ஒன்றாயின. இரண்டையும் மதிப்பிட்டது புத்தகச் சந்தையே.

முடிவுரை

ஆங்கில மொழியின் காவல் அரண்மனையினின்று அறிஞர்க்கும் அச்சகத்திற்கும் கைமாறிய காலத்தில் செஸ்டர்ஃபீல்டு வாழ்ந்தார். மொழியை நிலைநிறுத்தலாம் என 1747இல் நம்பிய ஜான்சன், 1755இன் முன்னுரையில் அந்நம்பிக்கையைக் கைவிட்டார். தனியதிகாரி எனப் புகழப்பட்டவர் அவ்வதிகாரம் எவர்க்கும் இல்லை என்று கண்டார். மேற்கண்ட சொற்கள் பிரபுவின் பரிந்துரைக்கோ அறிஞரின் கண்டிப்பிற்கோ கட்டுப்படாமல் வழக்கின்வழியே சென்றன. விலக்கத்தக்கதென ஒருவர் எண்ணிய சொல்லையும் அகராதியார் பதிவு செய்தமையாலேயே இவ்வரலாற்றை இன்று எழுத இயலுகிறது. தரப்படுத்தும் பணியில் ஈடுபடுவோர் எதனை விலக்கினும், பதிவினின்று விலக்காதிருத்தல் கடன்.