பழ ஈயின் காவலும் கடிவாளமும்

ஓசூர் எல்லையைக் கடந்து எலெக்ட்ரானிக் சிட்டியில் குடியேறி வாழும் தமிழ் அன்பர்களே! ஏலக்கி வாழைப்பழம் இரண்டு நாள் மேசைமேல் கிடந்தால் அதைச் சூழ்ந்துகொள்ளும் செங்கண் சிற்றீக்களை அறிவீர்கள். அழுகலில் பிறந்து அழுகலையே உண்ணும் இப்பழ ஈ, நோய்க்கிருமிகளுக்கு இரையாகாமல் வாழ்வது எங்ஙனம்?

1972-இல் ஸ்வீடன் நாட்டு அறிஞர் ஹான்ஸ் போமன் குழுவினர், கிருமி தீண்டியதும் எதிர்ப்பாற்றல் பெறும் தன்மை இவ்வீக்கு உண்டெனக் காட்டினர். 1996-இல் பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில், 'டோல்' என்னும் மரபணு பழுதுற்ற ஈக்கள் பூஞ்சை படர்ந்து மடிந்தன. அவ்வாராய்ச்சிக் கூடத்தின் தலைவர் ழூல் ஹாஃப்மன் 2011-இல் நோபெல் பரிசில் பங்கு பெற்றார்.

எனக்கு இதனினும் வியப்பளிப்பது அதே ஆராய்ச்சியின் மற்றொரு கூறு. 'காக்டஸ்' என்றொரு புரதம், கள்ளிச்செடியின் பெயர்! கிருமி இல்லாத வேளையில் அது, போர் முரசு கொட்டவல்ல புரதங்களை உயிரணுவின் உட்கருவுக்குள் நுழையவொட்டாது பிடித்து வைக்கிறது. கிருமி வந்ததும் காக்டஸ் சிதைகிறது, முரசு முழங்குகிறது, கிருமிக்கொல்லிகள் உருவாகின்றன. காக்டஸே இல்லாத ஈயிலோ, பகைவன் இல்லாதபோதும் கிருமிக்கொல்லி ஓயாது சுரக்கிறது. ஆனால் நலமுள்ள ஈயில், முரசின் ஆணைப்படியே புதிய காக்டஸும் உருவாகிவிடுகிறது. போரைத் தொடங்கும் ஆணையிலேயே அதை நிறுத்தும் ஏற்பாடும் அடங்கியிருக்கிறது அன்றோ!

குடலிலும் இதே முறைதான். உணவோடு புகும் பாக்டீரியாவின் சுவர்த் துணுக்குகள் எதிர்ப்பைத் தூண்டுகின்றன. அவ்வெதிர்ப்பே ஒரு நொதியையும் சுரப்பித்து, அத்துணுக்குகளை வெட்டித் தூண்டலைத் தணிக்கிறது. இக்கட்டு இல்லையேல், தீங்கற்ற இரைக்கும் உடல் போர் தொடுக்கும்.

இவ்வரலாற்றில் நீங்கள் வாழும் பெங்களூருக்கும் இடமுண்டு. நகரின் வடகோடியில், ஜக்கூரில், 1989-இல் தோன்றிய ஜவாஹர்லால் நேரு உயர் ஆய்வு மையத்தில் மனீஷா இனாம்தார் குழுவினர் ஆராய்ந்த மரபணுவின் பெயர் 'அஸ்ருஜ்'. வடமொழியில் குருதி என்று பொருள். அது குறைந்தால் ஈயின் குருதி முன்னணுக்கள் பருவத்திற்கு முன்பே முதிர்ந்துவிடுகின்றன என்று 2011-இல் கண்டனர். கிருமிக்கொல்லிகளின் அளவும் நிலைகுலைகிறது என்பது 2017-இல் வெளியாயிற்று. அஸ்ருஜுக்கு இனமான மரபணு மனிதரிடத்தும் உண்டு.