செயலிகளின் வருவாய் முறைகள்: விதி வகுத்தவர்களின் வரலாறு

கட்டணமா, விளம்பரமா, சந்தாவா என்பதைச் செயலியை உருவாக்குபவரே தேர்ந்தெடுக்கிறார் என்றுதான் வணிகக் கையேடுகள் சொல்கின்றன. காலவரிசையை வைத்துப் பார்த்தால், பணம் வசூலிக்கும் வாயிலைக் கையில் வைத்திருந்தவர்கள் விதியைத் திருத்திய பிறகே இவற்றில் பெரும்பாலானவை பரவின என்பது தெரிகிறது.

தொடக்கத்தை ஜப்பானில் தேட வேண்டும். என்டிடி டொகோமோ 1999 பிப்ரவரியில் ஐ-மோட் என்ற செல்பேசி இணையச் சேவையைத் தொடங்கியது. உள்ளடக்கம் தருவோருக்குச் சேர வேண்டிய மாதக் கட்டணத்தைத் தொலைபேசி பில்லோடு சேர்த்து வசூலித்துக் கொடுத்து, 9 சதவீதம் மட்டும் தரகாக எடுத்துக்கொண்டது. பிற நாடுகளின் தொலைபேசி நிறுவனங்கள் பலவும் இதே வேலைக்குப் பெரும்பங்கைக் கேட்டன. எனவே 2008 ஜூலை 10 அன்று சுமார் 500 செயலிகளோடு ஆப் ஸ்டோர் திறந்தபோது, ஆப்பிள் கேட்ட 30 சதவீதம் பலருக்குச் சலுகையாகவே பட்டது. பின்னாளில் நீதிமன்றப் படியேறியதும் அதே 30தான்.

ஆப் ஸ்டோரில் தொடக்கத்தில் ஒருமுறை விலைதான் முதன்மையான வழி. போட்டியில் அது 99 சென்ட் வரை இறங்கியது. கணினி மென்பொருள் விற்றவர்கள் பழைய வாடிக்கையாளருக்குப் புதிய பதிப்பைக் குறைந்த விலைக்குக் கொடுத்து வாழ்ந்தார்கள். ஆப் ஸ்டோர் அதற்கு இடம் வைக்கவில்லை. ஒரு டாலர்கூடக் கொடுக்காதவருக்கு ஆண்டுக்கணக்கில் மேம்படுத்தித் தர வேண்டியிருந்தது. சந்தா முறை பிறகு வேகமாகப் பற்றிக்கொண்டதற்கு வேர் இங்கேதான் இருக்கிறது என்று கருதுகிறேன்.

திருப்புமுனையாக ஒரு மாதத்தைச் சொல்ல வேண்டுமானால், அது 2009 அக்டோபர். செயலிக்குள் வாங்கும் வசதி அந்த ஜூனிலேயே வந்துவிட்டது. ஆனால் கட்டணச் செயலிகளுக்கு மட்டும். அக்டோபரில் ஆப்பிள் அந்தத் தடையை நீக்கியது. ‘லைட்’ ஒன்று, முழுப்பதிப்பு ஒன்று என இரண்டைப் பராமரித்தவர்களுக்கு இனி ஒன்றே போதும். சூப்பர்செல்லின் கிளாஷ் ஆஃப் கிளான்ஸ் (2012) விளையாட்டை இலவசமாகக் கொடுத்து, காத்திருக்கும் நேரத்தைக் குறைக்கும் ரத்தினங்களை விற்றது. இதன் இருண்ட பக்கமும் விரைவில் தெரிந்தது: பெற்றோர் அனுமதியின்றிக் குழந்தைகள் வாங்கியவற்றுக்காகக் குறைந்தது 3.25 கோடி டாலரைத் திருப்பித் தர ஆப்பிள் 2014இல் அமெரிக்காவில் உடன்பட்டது.

விளம்பரத்தின் கதையும் இதே போக்குதான். 2009 நவம்பரில் ஆட்மாப் என்ற செல்பேசி விளம்பர நிறுவனத்தை 75 கோடி டாலருக்கு வாங்குவதாக கூகுள் அறிவித்தது. 2021 ஏப்ரலில் ஆப்பிளின் ஐஓஎஸ் 14.5, பயனரைப் பின்தொடர அனுமதி கேட்கும்படி செயலிகளுக்குச் சொன்னதும் விளம்பர வருமானம் ஆட்டம் கண்டது.

2016 ஜூனில் ஆப்பிள், சந்தாவை எல்லாவகைச் செயலிகளுக்கும் திறந்துவிடுவதாகவும், ஓராண்டு தாண்டிய சந்தாவுக்குத் தரகு 15 சதவீதம் என்றும் அறிவித்தது. எதிர்த்திசையில், அதே ஆண்டு ஜனவரியில் வாட்ஸ்அப் தன் ஆண்டுக் கட்டணத்தைக் கைவிட்டிருந்தது. ஃபேஸ்புக்கின் நிழலில் இருந்ததால் அந்த இழப்பு அதற்குத் தாங்கியது.

இந்தியாவில் தரகு குறித்த மோதல் வெளிப்படையானது. 2022 அக்டோபரில் போட்டி ஆணையம், ப்ளே ஸ்டோர் கட்டண விதிகளுக்காக கூகுளுக்கு 936.44 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. இந்தத் தரகுத் தகராறில் 2024 மார்ச் 1 அன்று சென்னை மேட்ரிமோனி.காம் நிறுவனத்தின் பாரத் மேட்ரிமோனி உள்ளிட்ட செயலிகளை கூகுள் நீக்கியது. அரசு தலையிட்டதும் சில நாட்களில் அவை திரும்பின. இணைய வழித் திருமண வரன் தேடல், ஸ்மார்ட்போனுக்கு முன்பே இணையத்தில் சந்தா வாங்கிப் பழகிய தொழில். கூகுளின் அப்போதைய விதிப்படி, வாடிக்கையாளர் மாற்று வழியில் பணம் கட்டினாலும் தரகில் குறைந்தது 4 சதவீதப் புள்ளிகள் மட்டுமே.