லைப்சிக்கின் மறுபாதி: வில்ஹெல்ம் வுண்ட்டும் உளவியல் வரலாறு எழுதப்பட்ட முறையும்

கல்வி உளவியல் பாடநூல்களிலும் ஆசிரியர் பயிற்சிக் குறிப்புகளிலும் வில்ஹெல்ம் வுண்ட் (1832–1920) பெறும் இடம் பெரும்பாலும் ஒரு பத்தியளவே ஆகும். அப்பத்தி கூறும் செய்திகள் நான்கு. 1879ஆம் ஆண்டு ஜெர்மனியின் லைப்சிக் நகரில் உலகின் முதல் உளவியல் ஆய்வுக்கூடத்தை அவர் நிறுவினார். அகநோக்கு முறையால் மனத்தை அதன் அடிப்படைக் கூறுகளாகப் பகுத்தார். அவருடைய கொள்கை அமைப்புவாதம் எனப் பெயர் பெற்றது. அகநோக்கு நம்பத்தக்கதன்று எனக் கண்ட பின்னர் நடத்தைவாதம் அதன் இடத்தைப் பெற்றது. இந்நான்கனுள் முதலாவது சில வரையறைகளோடு ஏற்கத்தக்கது. ஏனைய மூன்றும் வுண்ட்டைவிட அவருடைய மாணவர் ஒருவருக்கே மிகுதியும் பொருந்துவன. இதனினும் பெரிய குறை ஒன்றுண்டு. வுண்ட் தம் வாழ்நாளின் கடைசி இருபது ஆண்டுகளைச் செலவிட்டு மொழி, கலை, தொன்மம், சமயம், சமுதாயம், சட்டம் ஆகியவை பற்றி எழுதிய பத்துத் தொகுதிகளைப் பற்றி அப்பத்தியில் ஒரு சொல்லும் இல்லை. அத்தொகுதிகள் எவ்வாறு மறைந்தன என்பதை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது. மொழியையும் இலக்கியத்தையும் பண்பாட்டையும் கற்பிக்கும் நமக்கு இவ்வினா வெறும் வரலாற்று ஆர்வத்தின்பாற்பட்டதன்று.

ஆய்வுக்கூடமும் அதன் எல்லையும்

மன நிகழ்வுகளை நேரத்தால் அளக்கலாம் என்னும் எண்ணம் உளவியலில் தோன்றியதன்று, வானியலில் தோன்றியது. 1796ஆம் ஆண்டு கிரீனிச் வானாய்வகத்தின் தலைவர் மாஸ்கலின், தம் உதவியாளர் கின்னபுரூக்கைப் பணியினின்றும் நீக்கினார். விண்மீன் ஒன்று தொலைநோக்கியின் கம்பியைக் கடக்கும் கணத்தைக் கண்ணால் பார்த்து, கடிகார ஒலியைக் காதால் கேட்டு, நேரத்தைக் குறிப்பதே அவர்தம் பணி. இருவர் குறித்த நேரங்களுக்கும் இடையே ஏறத்தாழ 0.8 நொடி வேறுபாடு இருந்தது. உதவியாளரின் கவனக்குறைவே காரணம் என மாஸ்கலின் முடிவு செய்தார். பின்னாளில் ஜெர்மானிய வானியலாளர் பெஸ்ஸல் இச்செய்தியைப் படித்து, தேர்ந்த வானியலாளர்களையே ஒப்பிட்டுப் பார்த்தார். அவர்களுள்ளும் ஒருவர் கணிப்பு மற்றவர் கணிப்போடு ஒத்திருக்கவில்லை. வேலையிழந்தவர் குற்றமற்றவர் என்பது தெளிவாயிற்று. ஆனால் அவருக்கு அது பயன்படவில்லை.

ஹைடல்பர்க்கில் மருத்துவம் பயின்று, 1858 முதல் உடலியங்கியல் அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸின் உதவியாளராகப் பணியாற்றிய வுண்ட், 1861இல் ஊசற் கடிகாரம் ஒன்றை மாற்றியமைத்து இச்சிக்கலை ஆராய்ந்தார். ஊசல் ஒரு குறிப்பிட்ட இடத்தைக் கடக்கும்போது மணி ஒலிக்கும். மணியொலியைக் கேட்ட கணத்தில் ஊசல் எங்கே இருந்தது எனக் காண்பவர் கூறவேண்டும். அவர் கூறும் இடம் உண்மையான இடத்தோடு பொருந்துவதில்லை. ஒலியிலிருந்து காட்சிக்குக் கவனம் மாறுவதற்கு ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு நொடி ஆகிறது என அவர் கணக்கிட்டார். மனம் ஒரே கணத்தில் இரண்டைத் தெளிவாகப் பற்றுவதில்லை. ஒன்றைத் தேர்ந்து, அதனைத் தெளிவின் மையத்திற்குக் கொணர்கிறது. இத்தேர்வுச் செயலே வுண்ட்டின் உளவியல் முழுமைக்கும் அச்சாணி. மனத்தைச் செங்கல் அடுக்குவதுபோல் கூறுகளால் கட்டப்பட்ட ஒன்றாக அவர் கருதவில்லை. கூறுகள் இணையும்போது அவற்றில் தனித்தனியே இல்லாத புதிய பண்பு தோன்றுகிறது என்பதே அவர் வலியுறுத்திய கருத்து. தம் கொள்கையை அவர் விருப்பாற்றல்வாதம் என்றே குறித்தார். அமைப்புவாதம் என்பது அவர் சூட்டிய பெயரன்று.

1879ஆம் ஆண்டு பற்றியும் ஒரு சொல். வில்லியம் ஜேம்ஸ் 1875இலேயே ஹார்வர்டில் செய்முறை விளக்கத்திற்குரிய அறை ஒன்றை வைத்திருந்தார். ஃபெக்னரின் உளப்பௌதிக நூல் 1860இல் வெளிவந்துவிட்டது. லைப்சிக் பல்கலைக்கழகம் வுண்ட்டின் ஆய்வுக்கூடத்தை முறையாக ஏற்றுக்கொண்டது 1883இல்தான். மாக்ஸ் ஃபிரீட்ரிக் என்னும் மாணவர் தம் முனைவர் பட்டத்திற்கான சோதனைகளை 1879–80 குளிர்காலப் பருவத்தில் தொடங்கியதே அவ்வாண்டைத் தொடக்கமாகக் கொள்வதற்குரிய காரணம். எனினும், பல நாடுகளிலிருந்து மாணவர் வந்து பயின்று பட்டம் பெற்றுச் சென்று தம் நாடுகளில் அதே போன்ற கூடங்களை அமைத்த இடம் லைப்சிக் என்பதில் ஐயமில்லை. வுண்ட்டின் கீழ் முனைவர் பட்டம் பெற்றோர் 180 பேருக்கும் மேலாவர்.

அகநோக்கு என்னும் சொல்லும் இங்கே கவனித்தற்குரியது. லைப்சிக் சோதனைகளுட் பெரும்பாலானவை துலங்கல் நேரம், ஒலியின் வலிமை, எடை வேறுபாடு போன்ற எளிய மதிப்பீடுகளைப் பற்றியவை. தம் மனத்தைத் தாமே நீளமாக விவரிக்குமாறு எவரையும் வுண்ட் கேட்கவில்லை. 1907இல் வூர்ட்ஸ்பர்க் நகரில் கார்ல் பூலர், கடினமான வினாக்களைக் கேட்டு, விடையளித்தவர் மனத்தில் நிகழ்ந்ததைச் சொல்லச் செய்தபோது, அதனைக் கடுமையாக மறுத்து எழுதியவரே வுண்ட்தான். சிந்தனை போன்ற உயர்நிலைச் செயல்களைச் சோதனைக்கூடத்தில் பிடிக்க இயலாது என்பது அவர் துணிபு. அப்படியாயின் அவற்றை எங்கே காண்பது? தனிமனிதர் எவரும் தனித்துப் படைக்காதவையும், மக்கள் கூட்டமாக வாழ்வதால் மட்டுமே தோன்றுபவையுமான மொழி, தொன்மம், வழக்காறு ஆகியவற்றில் காணவேண்டும் என்றார்.

மொழி பற்றிய வுண்ட்டின் நோக்கு

இம்முயற்சிக்கு முன்னோடிகள் உண்டு. 1860ஆம் ஆண்டளவில் லாசருஸும் மொழியியலறிஞர் ஸ்டைன்தாலும் 'மக்களின உளவியலுக்கும் மொழியியலுக்கும்' உரிய இதழைத் தொடங்கினர். வுண்ட்டும் 1863இல் வெளியிட்ட தம் சொற்பொழிவு நூலிலேயே இத்துறையைக் குறிப்பிட்டுள்ளார். எனவே இது முதுமையில் தோன்றிய பொழுதுபோக்கு அன்று. 'மக்களின உளவியல்' என நாம் பெயர்க்கக்கூடிய அவருடைய பெருநூல் 1900 முதல் 1920 வரை பத்துத் தொகுதிகளாக வெளிவந்தது. அதன் தொடக்கமே மொழியைப் பற்றியது.

வாக்கியம் எவ்வாறு பிறக்கிறது என்பதே அங்கு எழுப்பப்படும் மைய வினா. வரலாற்று மொழியியலின் பெரும் ஆசிரியராக விளங்கிய ஹெர்மன் பௌல், பேசுபவர் மனத்தில் தனித்தனியே உள்ள எண்ணங்கள் இணைவதே வாக்கியம் எனக் கொண்டார். வுண்ட் இதனைத் தலைகீழாக்கினார். பேசத் தொடங்கும் முன்னரே சொல்லவேண்டியது முழுமையாக, ஒரே காட்சியாக மனத்தில் உள்ளது. கவனம் அம்முழுமையைப் பகுக்கிறது. முதலில் எழுவாய், பயனிலை என இரண்டாக, பின்னர் ஒவ்வொன்றையும் மேலும் பகுத்து, சொற்களை ஒன்றன்பின் ஒன்றாக வெளிக்கொணர்கிறது. வாக்கியம் ஒரே வேளையில் இருவகையில் இருக்கிறது: மனத்தில் முழுமையாகவும் நாவில் தொடராகவும். ஊசற் கடிகாரத்தில் கண்ட அதே தேர்வுச் செயலே இங்கும் பணிபுரிகிறது என்பது நோக்கத்தக்கது. ஆய்வுக்கூடப் பாதியும் மொழிப் பாதியும் இரண்டு வுண்ட்டுகளின் படைப்புகள் அல்ல.

இந்தியவியல் பயின்றோர்க்கு இவ்விடத்தில் பர்த்ருஹரியின் வாக்கியபதீயமும், பகுக்கவியலா வாக்கியம் என்னும் அவர் கோட்பாடும் நினைவுக்கு வரும். ஒப்புமை சுவையானதே. ஆனால் ஒப்புமை கண்டவுடன் 'நம்மவர் அன்றே கூறினர்' என முடித்துக்கொள்ளும் வழக்கம் நம் கட்டுரைகளில் மிகுந்துவிட்டது. பர்த்ருஹரி பொருளும் சொல்லும் கொண்ட மெய்ப்பொருள் உறவை ஆய்ந்தார். வுண்ட் பேசுபவரின் மனத்தில் நேரவரிசையில் நிகழும் செயலை ஆய்ந்தார். இருவர் வினாக்களும் வேறு.

வுண்ட்டின் பகுப்பு முறை மொழியியலில் எங்குச் சென்றது என்பதைத் தமிழ் மொழியியல் மாணவர் ஒவ்வொருவரும் அறிவர். அதன் ஊற்றை மட்டும் அறியார். அமெரிக்க மொழியியலாளர் லியோனர்டு புளூம்பீல்டு 1914இல் வெளியிட்ட மொழியியல் அறிமுக நூல் வெளிப்படையாகவே வுண்ட்டின் உளவியலை அடிப்படையாகக் கொண்டது. 1933இல் அவர் எழுதிய 'மொழி' என்னும் நூலில் வுண்ட்டின் உளவியல் நீங்கி, நடத்தைவாதம் வந்து அமர்ந்தது. ஆயினும் வாக்கியத்தை இரண்டாகவும் மீண்டும் இரண்டாகவும் பகுக்கும் முறை அண்மை உறுப்பு ஆய்வு என்ற பெயரில் நிலைத்தது. மனம் நீக்கப்பட்டது, பகுப்பு மட்டும் எஞ்சியது.

மறைப்பின் வழி

மேற்கூறிய பாதி எவ்வாறு மறைந்தது? சூழ்ச்சி ஏதுமில்லை. ஒரு பெயர்ச்சியின் வரலாறே காரணம். ஆங்கிலேயரான எட்வர்டு டிட்சனர் 1892இல் லைப்சிக்கில் பட்டம் பெற்று அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகம் சென்று, 1927இல் இறக்கும்வரை அங்கே பணியாற்றினார். வுண்ட்டின் சோதனைசார் நூல்களை ஆங்கிலத்தில் தந்தவர்களுள் அவர் முதன்மையானவர். அமைப்புவாதம் என்னும் பெயரும், பயிற்சி பெற்றோர் தம் உணர்வுக் கூறுகளை விரிவாக விவரிக்கும் அகநோக்கு முறையும் அவருக்கு உரியவை. அவர் மாணவர் எட்வின் போரிங் 1929இல் எழுதி 1950இல் திருத்தி வெளியிட்ட சோதனை உளவியல் வரலாறு, ஆங்கிலம் பயிலும் உலகம் முழுவதற்கும் பாடநூலாயிற்று. நூலின் பொருளே சோதனை உளவியல் ஆதலின் பத்துத் தொகுதிகளும் அதில் மிகச் சுருக்கமாகவே இடம்பெற்றன. டிட்சனரின் கண்ணாடி வழியே தெரிந்த வுண்ட்டே அந்நூலில் நின்றார். அதனைச் சுருக்கியோர், சுருக்கத்தைச் சுருக்கியோர் என வந்து, இறுதியில் நம் தமிழ்க் குறிப்புகளுக்கு அப்பத்தி வந்து சேர்ந்தது. தமிழில் மற்றுமொரு குழப்பமும் நேர்ந்தது. டிட்சனரின் கொள்கையையும் லெவி ஸ்ட்ராஸின் கொள்கையையும் சிலர் ஒரே சொல்லால், அதாவது அமைப்பியல் என்றே வழங்குவதால், இரண்டும் ஒன்றென மயங்கிய மாணவரும் உளர்.

போரும் தன் பங்கை ஆற்றியது. 1914 அக்டோபரில் ஜெர்மனியின் போர்ச்செயலை ஆதரித்து 93 அறிஞர் வெளியிட்ட அறிக்கையில் வுண்ட்டும் ஒப்பமிட்டிருந்தார். அதன் பின்னர் அவர் நூல்களை மொழிபெயர்ப்பதில் ஆங்கில, அமெரிக்க அறிஞர்க்கு ஆர்வம் குன்றியதில் வியப்பில்லை. பத்துத் தொகுதிகளின் முழு ஆங்கில மொழிபெயர்ப்பு வெளிவரவே இல்லை. சைகைமொழி பற்றிய பகுதி மட்டும் 1973இல் நூலாக வந்தது.

இந்தியாவுக்கு உளவியல் வந்த வழியும் ஆய்வுக்கூடத்தின் வழியே. கல்கத்தா பல்கலைக்கழகத்தில் 1916இல் சோதனை உளவியல் துறையை நடத்தத் தொடங்கிய நரேந்திரநாத் சென்குப்தா, ஹார்வர்டில் வுண்ட்டின் மாணவரான மூன்ஸ்டர்பர்க்கிடம் பயின்றவர். மைசூரில் 1924இல் துறையைத் தொடங்கிய எம். வி. கோபாலசுவாமி, லண்டனில் வுண்ட்டின் மற்றொரு மாணவரான ஸ்பியர்மனிடம் பயின்றவர். (1935இல் மைசூரில் தாம் தொடங்கிய வானொலி நிலையத்திற்கு 'ஆகாசவாணி' எனப் பெயரிட்டவரும் இவரே.) இருவரும் லைப்சிக்கின் பேரர்கள். இருவர் வழியும் வந்தவை கருவிகளும் அளவீடுகளுமே. எத்தனையோ மொழிகளும் தொன்மங்களும் வாழும் நாட்டிற்குப் பத்துத் தொகுதிகள் வந்து சேராமற் போனது ஓர் இழப்பே என்பது என் கருத்து.

1970இல் ஆர்தர் புளூமெந்தால் மொழியும் உளவியலும் பற்றிய தம் நூலில் வுண்ட்டை மீட்டெடுத்தார். 1975இல் அவர் எழுதிய மறுமதிப்பீட்டுக் கட்டுரையும், 1979இல் கர்ட் தான்சிகர் எழுதியவையும் போரிங் தீட்டிய ஓவியத்தை உளவியல் வரலாற்றாசிரியரிடையே மாற்றிவிட்டன. 1980இல் உலக உளவியல் மாநாடு லைப்சிக்கிலேயே கூடியது. பாடநூற் பத்தி மட்டும் பெரும்பாலும் பழைய நிலையிலேயே உள்ளது.

மீட்டெடுப்போர் மறைத்த பக்கம்

ஆயினும் மீட்டெடுத்தோர் சில வேளை வுண்ட்டை மிகையாகப் போற்றினர். பத்துத் தொகுதிகளின் சாரமாக 1912இல் அவர் எழுதிய நூல், மனித வரலாற்றைத் தொன்மை நிலை, குலக்குறி நிலை, வீரரும் தெய்வங்களும் தோன்றிய நிலை, மானுடப் பொதுமை நிலை என நான்கு படிகளாக அடுக்குகிறது. அடித்தட்டில் வைக்கப்பட்டவர் யாவர்? இலங்கையின் வேடர், ஆப்பிரிக்கப் பிக்மிகள், இவர்களோடு மலாயாத் தீபகற்பத்தின் செமாங், செனோய் மக்கள். நம் நாட்டு ஒராங் அஸ்லியைப் பற்றி லைப்சிக்கில் இருந்தவாறே, பயணியரும் ஆய்வாளரும் எழுதிய குறிப்புகளைக் கொண்டு வுண்ட் எழுதினார். அம்மக்களின் அறிவாற்றல் தங்கள் வாழ்க்கை எல்லைக்குள் நாகரிக மனிதரின் அறிவாற்றலுக்குக் குறிப்பிடத்தக்க அளவில் குறைந்ததன்று என்று அவர் கூறுவது அக்கால ஐரோப்பிய எழுத்தில் அரிதான நேர்மை. அவ்வாறு கூறிய பின்னும் அவர்களை முதற்படியினின்றும் நகர்த்தவில்லை. படிவரிசை முன்னரே முடிவாகிவிட்டது. சான்றுகள் அதில் வந்து அமர்ந்தன.

இதில் ஒரு முரண் உள்ளது. மனநிலையைக் காட்டும் உடலசைவிலிருந்தே மொழி பிறந்தது என்பது வுண்ட்டின் கோட்பாடு. ஒலியும் நாவின் சைகையே எனக் கருதி, பொருளோடு இயல்பான உறவுடைய ஒலிச்சொற்களை அவர் தேடினார். செனோய் குழுவைச் சார்ந்த செமாய் மொழியில் காட்சி, ஒலி, மணம், அசைவு ஆகியவற்றைக் குறிக்கும், பெயரிலும் வினையிலும் அடங்காத தனிச்சொல் வகை ஒன்று மிகப் பெரிய அளவில் உண்டு. நம் இரட்டைக்கிளவியையும் ஒலிக்குறிப்புச் சொற்களையும் அறிந்தோர் அதனை எளிதில் இனங்காண்பர். ஆனால் செமாயில் அவ்வகை நம்முடையதைவிட விரிவும் நுட்பமும் உடையது. மொழியியலாளர் ஜெரார்டு டிஃப்லோத் அதனை விளக்கிக் கட்டுரை வெளியிட்டது 1976இல். வுண்ட் தேடிய சான்று, அவர் அடித்தட்டில் வைத்த மக்களின் நாவிலேயே இருந்தது.