கோப்பியைத் தின்ற பங்கசு காளானுக்கு என்ன முறை?

பங்கசு இராச்சியத்துக்கு உதாரணம் கேட்டால் நம் பிள்ளைகள் பாண் பூஞ்சணம், மதுவம், காளான் என்று சொல்லிவிட்டு நிறுத்திவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, நாமும் அப்படித்தான் படிப்பிக்கிறோம். ஆனால் டிக்கோயாவில் இருக்கும் நமக்கு இதைவிடப் பெரிய உதாரணம் ஒன்று உண்டு. இந்த மலையில் கோப்பி போய்த் தேயிலை வந்ததே ஒரு பங்கசினால்தான்.

1869இல் மடூல்சீமைப் பக்கத்துக் கோப்பி இலைகளின் அடியில் செம்மஞ்சள் தூள் காணப்பட்டது. பேராதனைப் பூங்காவின் பணிப்பாளர் துவைற்ஸ் அதை இங்கிலாந்துக்கு அனுப்பினார். அங்கே பார்க்லி என்ற பாதிரியாரும் புரூம் என்பவரும் நுணுக்குக்காட்டியில் பார்த்தார்கள். வித்தியின் ஒரு பக்கம் முள், மறுபக்கம் வழுவழுப்பு. அதுவரை அறிந்த எந்தச் சாதியிலும் அடங்காததால் 'பாதி வழுவழுப்பு' என்ற பொருளில் ஹெமிலியா என்று புதுச் சாதி வைத்து, 'நாசம் செய்வது' என்று பொருள்படும் வஸ்டாட்ரிக்ஸ் என்பதையும் சேர்த்தார்கள். துரைமார் அதை 'நாசக்கார எமிலி' என்று கேலி பேசினார்கள். அந்தக் கேலி அதிக காலம் நீடிக்கவில்லை.

1880இல் மார்ஷல் வார்ட் என்ற இளம் தாவரவியலாளர் இங்கே அனுப்பப்பட்டார். மண்ணா, மழையா, உரமா காரணம் என்று தோட்டங்களில் வாதம் நடந்துகொண்டிருந்த நேரம் அது. வித்தி ஈரத்தில் முளைத்து இலைவாய் வழியாக உள்ளே நுழைகிறது, காற்றில் பரவுகிறது என்பதை அவர் காட்டினார். இடைவெளியே இல்லாமல் மலை முழுக்க ஒரே பயிர் நின்றதுதான் நோய்க்கு வசதி என்றும் சொன்னார். சரியான விடைதான், ஆனால் கோப்பியைக் காப்பாற்றப் பிந்திவிட்டது. 1878 அளவில் ஏறக்குறைய 275,000 ஏக்கரில் இருந்த கோப்பி சில பத்தாண்டுகளில் இல்லாமலே போனது.

கோப்பிக் காலத்தில் நம் முன்னோரில் பலர் பழம் பறிக்கும் பருவத்துக்கு வந்து ஊர் திரும்பினார்கள். தேயிலைக்கு வருடம் முழுவதும் கொழுந்தெடுக்க ஆள் வேண்டும். குடும்பம் குடும்பமாக லயத்தில் தங்கினார்கள். 1948இல் குடியுரிமைச் சட்டம் வந்தபோது நாடற்றவர்களானது அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான்.

தேயிலையையும் பங்கசு விட்டுவைக்கவில்லை. 1946இல் கொப்புள நோய் இலங்கைக்கு வந்தது. எக்சோபசிடியம் வெக்சன்ஸ் என்ற அந்தப் பங்கசு இளம் இலையைத்தான் பிடிக்கும், அதாவது நாம் பறிக்கும் கொழுந்தையே. மழையும் மூட்டமும் விடாத மாதங்களில் இலையின் அடியில் வெள்ளைக் கொப்புளம் தெரியும்.

இனி உறவுமுறைக்கு வருவோம். பார்க்லி காலத்தில் பங்கசுகள் தாவரங்களோடு சேர்க்கப்பட்டிருந்தன. விற்றேக்கர் ஐந்து இராச்சியப் பாகுபாட்டை வெளியிட்டது 1969இல், ஹெமிலியாவுக்குப் பெயர் வைத்துச் சரியாக நூறு வருடம் கழித்து. 1993இல் போல்டாஃப், பாமர் ஆகியோரின் ஆய்வு, பங்கசுகள் தாவரங்களைவிட விலங்குகளுக்கே நெருங்கியவை என்று காட்டியது. கோப்பிச் செடியைவிட அதைப் பறித்த மனிதனுக்குத்தான் அந்தத் துரு கிட்டிய சொந்தம்!

கோப்பித் துரு, தேயிலைக் கொப்புளம், நாம் கறி வைக்கும் காளான் மூன்றும் பசிடியோமைக்கோற்றா என்ற ஒரே கணத்தைச் சேர்ந்தவை. ஆனால் அதற்குள் மூன்று தனிக் கிளைகள். குடையும் தண்டும் காளானுக்குத்தான். கொப்புளப் பங்கசு தன் வித்திகளை இலைத் தோலின் மேலேயே உண்டாக்கிவிடுகிறது. தோற்றத்தை வைத்து யார் இவற்றைச் சொந்தம் என்று சொல்வார்கள்?

எதிர்ப்பக்க உதாரணமும் இருக்கிறது. அயர்லாந்துப் பஞ்சத்துக்குக் காரணமான உருளைக்கிழங்கு நோய்க்குப் பங்கசுதான் காரணம் என்று 1846இல் வாதாடியவரும் இதே பார்க்லிதான். பிற்காலத்தில் பார்த்தால் அதன் கலச்சுவரில் முக்கியமாக இருப்பது கைற்றின் அல்ல, செலுலோசு. கூர்ப்பு வழியில் அது கபில அல்காக்களின் பக்கம் போய்விட்டது. நோயைக் கொண்டுவந்தது அதுதான் என்ற பார்க்லியின் முடிவு மட்டும் இன்றும் மாறவில்லை.